முதிர மறுத்த கலங்கள்: வன்னிக் கமக்காரர் ஒருவரின் எம்.டி.எஸ். நோய் பற்றிய நிகழ்வு ஆய்வு

எம்.டி.எஸ். (மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்த்தொகுதி) என்பது, என்புக்குள் இருக்கும் மச்சையில் குருதிக் கலங்கள் சரிவர முதிராமல் போகும் ஒரு புற்றுநோய். அதற்குப் போடும் அசாசிட்டிடின் ஊசி தொடங்கிய பலருக்கு, மருந்து வேலை செய்யுமா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே அது நிறுத்தப்பட்டுவிடுகிறது. மாதந்தோறும் ஏழு நாள் ஊசி போடுவது ஒரு சுற்று. முதல் இரண்டு சுற்றுகளில் குருதி எண்ணிக்கைகள் மேலும் கீழே போகும். நோயாளி களைத்துப்போவார், வீட்டார் பயந்துபோவார்கள், தூரத்துப் பயணம் வேறு. அந்த நேரத்தில் "இது சரிவராது" என்று விட்டுவிடுவது மிக எளிது. ஏன் விடக்கூடாது என்பதற்கான பதில் குருத்துக்கலத்தின் (ஸ்டெம் செல்) உள்ளே, அதன் டி.என்.ஏ.யில் ஒட்டியிருக்கும் மெதைல் என்ற சிறு வேதி அடையாளங்களில் இருக்கிறது. அந்தப் பதிலை ஒரு நோயாளியின் நடப்போடு சேர்த்துச் சொல்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

இது தனி ஒருவரின் பதிவு அல்ல. இந்த நோயில் வழக்கமாகக் காணப்படும் நடப்புகளைக் கற்பித்தலுக்காக ஒரே நோயாளியின் மேல் கோத்து எழுதப்பட்டது. அளவுகள், மருந்தின் கணக்கு, மதிப்பெண்கள், ஆராய்ச்சி முடிவுகள் யாவும் நடைமுறையில் உள்ளவை.

நோயாளியும் முதல் மூன்று மாதங்களும்

67 வயது ஆண். இலங்கையின் வன்னியில், மாங்குளத்துக்கு உட்புறமாக, குளத்துக்குக் கீழ் மூன்று ஏக்கர் வயல். சிறுபோக நெல்லுக்கு மருந்தடிக்கும் காலத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. வரம்பில் ஒரு நடை போய்வந்தால் குந்திவிட வேண்டும். பல் தேய்க்கும்போது முரசில் இரத்தம். முதலில் பார்த்த இடத்தில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கப்பட்டது. மூன்று மாதம் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

வன்னியில் கமக்காரர் ஒருவருக்குச் சோகை என்றால் மனம் முதலில் சிறுநீரகத்தைத் தேடும். வவுனியா உட்பட உலர்வலயத்தில் காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால் அது நியாயமான சந்தேகமே. இவருடைய கிரியாட்டினின் 1.1 மி.கி., இயல்பு. அத்துடன் சிறுநீரக நோயால் வரும் சோகையில் செங்குருதிக் கலத்தின் அளவு பெரும்பாலும் மாறாது. இவருடைய சராசரிக் கலக் கனவளவு 109 ஃபெம்டோ லீற்றர், அதாவது கலங்கள் வீங்கிப் பெருத்திருந்தன. இரும்புக் குறைபாட்டில் கலம் சிறுத்துப்போகும். ஆகவே அந்த ஒரு எண்ணே இரும்புக் குளிசை பிழையான பாதை என்று முதல் நாளே சொல்லியிருந்தது. முழுக் குருதி எண்ணிக்கைத் தாளில் எல்லாருடைய கண்ணும் ஹீமோகுளோபினில் நிற்க, அதற்குக் கீழ் வரி வாசிக்கப்படாமல் போவது அடிக்கடி நடப்பது.

ஹீமோகுளோபின் 7.4 கிராம், வெண்கலம் 2,300, அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் 900, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) 58,000. மூன்று வரிசைக் கலங்களும் ஒன்றாகக் குறைந்திருந்தன.

கலம் பெருத்து மூன்று வரிசையும் குறைந்தால், பி12, ஃபோலேற் குறைபாடு, சாராயம், தைராய்டு, எச்.ஐ.வி., ஈரல் நோயோடு பெருத்த மண்ணீரல் ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். இங்கே எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கு முக்கியம். பி12 அளவு பார்க்கக் குருதியை எடுத்த பிறகுதான் பி12 ஊசி போடலாம். "எதற்கும் ஒரு ஊசி போட்டுப் பார்ப்பம்" என்று முன்கூட்டிப் போட்டுவிட்டால் இரத்தத்தில் அளவு உயர்ந்து தெரியும். மச்சையின் தோற்றமும் சில நாட்களில் மாறத் தொடங்கும். பிறகு பி12 குறைபாடா எம்.டி.எஸ். நோயா என்று பிரிப்பது சிரமம். இவருக்கு எல்லாம் இயல்பாக வந்தன. குருதிப் பூச்சில் நியூட்ரோபில்கள் துணிக்கைகள் இழந்து வெளிறிக் கிடந்தன. பலவற்றின் கரு, மூன்று நான்கு மடலாகப் பிரியாமல், மெல்லிய நூலால் கோத்த இரண்டு வட்டங்களாக மூக்குக்கண்ணாடி போல நின்றது. முதிர்ச்சி பாதிவழியில் நின்றுபோனதைக் கண்ணால் காண்பது அதுதான்.

மச்சை எடுப்பதில் கெட்டுப்போகும் இடங்கள்

இடுப்பு என்பின் பின்முகட்டில் மரப்பூசி போட்டு எடுக்கப்படும் மச்சையில் முதல் இழுப்பின் அரை மில்லிலீற்றர் அளவு கண்ணாடித் தகட்டுக்குப் போக வேண்டும். கூடுதலாக இழுத்தால் பக்கத்துக் குருதி கலந்து, பிளாஸ்ட் எனப்படும் முதிராக் கலங்களின் சதவீதம் பொய்யாகக் குறைந்துவிடும். அதற்கடுத்த இழுப்பு, மாதிரி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் உள்ள குழாய்க்கு, குரோமோசோம் ஆய்வுக்காக. அதற்கு உயிருள்ள கலங்கள் பிரிந்து பெருக வேண்டும். ஆகவே அந்தக் குழாய் பனிக்கட்டியில் உறையவும் கூடாது, வெயிலில் நின்ற வாகனத்துக்குள் வேகவும் கூடாது. அறை வெப்பநிலையில், 24 மணிக்குள் ஆய்வுகூடத்தைச் சேர வேண்டும். ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும் மாதிரியை வெள்ளி பின்னேரம் எடுத்தால் அது சனி ஞாயிறு முழுக்கத் திறப்பாரின்றிக் கிடக்கும். திங்கள் தொடக்கம் புதனுக்குள் காலையில் எடுப்பதே நல்லது. என்புத் துண்டு மட்டும் 10 சதவீத ஃபோர்மலினுக்குள். இரண்டு குழாய்களையும் அவசரத்தில் மாற்றி, ஹெப்பரின் மாதிரியில் ஃபோர்மலின் விட்டால் குரோமோசோம் ஆய்வு அத்தோடு முடிந்தது. நோயாளி இன்னொரு தரம் குப்புறப் படுக்க வேண்டும்.

முடிவு: பிளாஸ்ட் 12 சதவீதம், மூன்று வரிசையிலும் உருக்குலைவு, குரோமோசோம்கள் இயல்பு. 20 சதவீதத்தை எட்டினால் கடும் லூக்கேமியா என்று பெயர் மாறும். இவர் அந்த வாசலுக்கு நெருங்கிய, மிகை பிளாஸ்ட் கொண்ட எம்.டி.எஸ். வகையில் நின்றார்.

திருத்திய சர்வதேச மதிப்பெண் முறையில் கணக்கு இப்படி வந்தது: இயல்பான குரோமோசோம் 1, பிளாஸ்ட் 10 சதவீதத்துக்கு மேல் 3, ஹீமோகுளோபின் 8க்குக் கீழ் 1.5, சிறுதட்டு 50,000க்கும் 1,00,000க்கும் இடையில் 0.5, நியூட்ரோபில் 800க்கு மேல் 0. கூட்டினால் 6.0. 4.5க்கு மேல் 6 வரை "உயர் ஆபத்து". சிகிச்சை இல்லாத இத்தகையோரில் பாதிப்பேர் 1.6 ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். வெறுமனே இரத்தம் ஏற்றிக் காத்திருக்கும் நிலை இது அல்ல.

அனுப்பிய மரபணு ஆய்வில் டெட்2 மரபணுவில் 44 சதவீதம், எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2 மரபணுவில் 41 சதவீதம் விகாரப் பிரதிகள் காணப்பட்டன. ஒவ்வொரு கலத்திலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். ஒன்று மட்டும் கெட்டிருந்தால், 44 சதவீதம் என்பது மச்சைக் கலங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது ஒரே தாய்க்கலத்தின் வம்சம் என்று பொருள். பிளாஸ்ட் 12 சதவீதமே. ஆனால் வம்சம் 88 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்தால் பின்னால் வருவது விளங்கும்.

குருத்துக்கலத்தில் என்ன பிழைத்தது

ஸ்டெம் செல் என்று பரவலாக அறியப்படும் குருத்துக்கலத்தை விதைநெல்லுக்கு ஒப்பிடலாம். உண்பதற்கு எடுக்கும் நெல்லோடு அது கலக்கப்படுவதில்லை. மச்சையில் குருதிக் குருத்துக்கலங்கள் பெரும்பாலான காலம் உறங்கிக் கிடக்கின்றன. எப்போதாவது ஒன்று பிரிந்து, ஒரு மகவைத் தன்னைப்போலவே வைத்துக்கொண்டு, மற்றதை முதிர அனுப்புகிறது. அப்படி அனுப்பியவற்றின் பெருக்கத்தால்தான் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்கலங்களைச் செய்து முடிக்கிறது.

குருத்துக்கலம், செங்கலத்தின் முன்னோடி, நியூட்ரோபில் ஆகிய மூன்றுக்கும் டி.என்.ஏ. எழுத்துகள் ஒன்றே. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இதைத்தான் எபிஜெனெடிக் ஒழுங்கு, தமிழில் மேல்மரபியல் ஒழுங்கு என்கிறோம். ஒரே குளத்துத் தண்ணீர் எந்தத் துருசு (மதகு) திறந்திருக்கிறதோ அந்த வாய்க்காலில்தான் போகும். கலத்தில் துருசுகளாக நிற்பவை இரண்டு. ஒன்று டி.என்.ஏ.யின் சைட்டோசின் எழுத்தில், பெரும்பாலும் அதற்கடுத்துக் குவானின் வரும் இடத்தில், ஒட்டப்படும் மெதைல் கூட்டம். மனித டி.என்.ஏ.யில் இப்படியான இடங்கள் சுமார் 2 கோடி 80 லட்சம். அவற்றில் 70 முதல் 80 சதவீதம் மெதைல் ஏறியவை. மரபணுவின் தொடக்கத்தில் மெதைல் அடர்ந்தால் அந்த மரபணு பொதுவாக மூடப்படும். மற்றது, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏறும் அடையாளங்கள். குருத்துக்கலத்தில் முக்கியமான சில மரபணுக்கள் "திற" அடையாளத்தையும் "மூடு" அடையாளத்தையும் ஒருசேரச் சுமந்து, இரண்டுக்கும் தயாராக நிற்கின்றன. முதிரும்போது ஒன்று கழன்று, முடிவு எடுக்கப்படுகிறது.

மெதைலை ஒட்டும் நொதி டி.என்.எம்.டி.3ஏ. அதைக் கழற்றும் வேலையைத் தொடங்கும் நொதி டெட்2. மெதைலை ஒக்சியேற்றி ஹைட்ரொக்சி மெதைலாக்குகிறது. ஒன்று பூட்டுகிறது, மற்றது திறக்கிறது. அப்படியிருக்க, இரண்டில் எது கெட்டாலும் ஏறக்குறைய ஒரே நோய் வருகிறது. 2009இல் டெட்2 விகாரமும் 2010இல் டி.என்.எம்.டி.3ஏ விகாரமும் மச்சைப் புற்றுநோய்களில் கண்டுபிடிக்கப்பட்டபோது இது பெரும் புதிராக இருந்தது. விளக்கம் இந்த வழியில் போகிறது: டி.என்.எம்.டி.3ஏ கெட்டால் "நான் இன்னும் குருத்துக்கலமே" என்று சொல்லும் மரபணுக்களை மூட முடியாது. டெட்2 கெட்டால் முதிர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்களின் ஊக்கிப் பகுதிகளைத் திறக்க முடியாது. குளத்துக்கே திரும்பும் வாய்க்காலின் துருசை மூட முடியாவிட்டாலும், வயல் வாய்க்காலின் துருசைத் திறக்க முடியாவிட்டாலும் வயலுக்குத் தண்ணீர் வராது. குளம் மட்டும் நிரம்பும். குருத்துக்கலம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டே போகிறது, முதிர்ந்த கலமோ வெளியே வருவதில்லை. ஐ.டி.எச். மரபணு விகாரமும் இதே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. அது உண்டாக்கும் 2-ஹைட்ரொக்சி குளுட்டரேற் என்ற பொருள் டெட்2 நொதியைச் செயலிழக்கச் செய்கிறது.

எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2 பார்வைக்கு இந்தக் கூட்டத்தில் சேராதது. அது ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் வேலைக்காரன். ஆனால் அது கெட்டால் ஈ.இசட்.எச்.2 என்ற, ஹிஸ்டோனில் "மூடு" அடையாளம் இடும் நொதியின் செய்தி பிழையாக வெட்டப்பட்டு அழிந்துபோகிறது. சுற்றிவந்து அதுவும் துருசில் கைவைக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெட்2, டி.என்.எம்.டி.3ஏ விகாரங்கள் நோயில்லாதவர்களிலும் இருக்கின்றன. 2014இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள், 70 வயதைத் தாண்டியவர்களில் பத்துப் பேரில் ஒருவரளவில் இப்படியான வம்சம் குருதியில் தெரிவதைக் காட்டின. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. முதல் விகாரம் குருத்துக்கலத்துக்கு ஒரு சிறு மேலாட்சியைத் தருகிறது. ஆண்டுகள் கழித்து இரண்டாவது, மூன்றாவது விகாரம் சேர்ந்த பிறகே நோய். ஆகவே "எந்த வருசம் வந்தது?" என்று மகன் கேட்டால் நேர்மையான பதில், நோய் தெரியவந்ததற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கும் என்பதுதான்.

மருந்தின் வேலை ஏன் மெதுவானது

அசாசிட்டிடின், சைட்டோசின் எழுத்தைக் கொண்ட சைட்டிடின் என்ற மூலக்கூறைப் போன்றது. வளையத்தின் ஐந்தாம் இடத்தில் மட்டும் கார்பனுக்குப் பதில் நைதரசன். 1960களில் பிராக் நகரில் ஆக்கப்பட்டது. கலங்களைக் கொல்லும் மருந்தாகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்க்கப்பட்டது. பிறகு, 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷேர்லி டெய்லரும், சிறிய அளவில் கொடுத்தால் எலியின் முளையக் கலங்கள் தசையாக முதிர்வதற்கும் டி.என்.ஏ.யில் மெதைல் இறங்குவதற்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். கொல்லும் மருந்து முதிரவைக்கும் மருந்தாகப் பார்க்கப்பட்டது அங்கிருந்துதான். எம்.டி.எஸ். நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2004இல்.

கலம் பிரியுமுன் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும். அந்தப் படியெடுப்பு நேரத்தில் மட்டுமே மருந்து டி.என்.ஏ.க்குள் நுழைய முடியும். பழைய இழையின் மெதைலைப் பார்த்துப் புதிய இழையில் அதே இடத்தில் ஒட்டும் டி.என்.எம்.டி.1 நொதி, மருந்து இருக்கும் எழுத்தைத் தொட்டவுடன் அதிலேயே ஒட்டிச் சிக்கி, பிறகு கலத்தால் சிதைக்கப்படுகிறது. புதிய இழை மெதைல் இல்லாமல் போகிறது. அடுத்த பிரிவில் இன்னும் குறைகிறது. அதாவது, இருக்கும் மெதைலை மருந்து நேரே பிய்த்து எடுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேய வைக்கிறது.

இதில் மூன்று நடைமுறை விடயங்கள் அடங்கியிருக்கின்றன. தோலின் கீழ் போட்ட ஊசி மருந்தின் அரைவாழ்வு ஏறக்குறைய 40 நிமிடம். எந்த ஒரு நாளிலும் மச்சைக் கலங்களில் ஒரு பங்குதான் படியெடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஊசி அந்தப் பங்கை மட்டுமே பிடிக்கும். அதனால்தான் ஏழு நாள். குருத்துக்கலங்கள் உறங்குபவை, எப்போதாவது விழிப்பவை. அதனால்தான் மாதந்தோறும் திரும்பத் திரும்ப. நொதியை வற்றவைக்கச் சிறு அளவு போதும். கூட்டினால் கலம் முதிருமுன் செத்துவிடும். அதனால் "விரைவாகக் குணமாக" அளவைக் கூட்டுவதில் பயன் இல்லை.

மெதைல் இறங்குவதால் பி15 போன்ற அடங்கிக்கிடந்த, கலப் பெருக்கத்தைத் தடுக்கும் மரபணுக்கள் திறக்கின்றன என்பது பழைய விளக்கம். நம் டி.என்.ஏ.க்குள் புதைந்துகிடக்கும் பண்டைய வைரஸ் துண்டுகள் திறந்து, கலம் தன்னை வைரஸ் தொற்றியதாக எண்ணி இன்டர்ஃபெரோன் எச்சரிக்கையை எழுப்புகிறது என்பது 2015இல் சேர்ந்த விளக்கம். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுபவை அல்ல.

ஊசி போடும் முறை

உயரம் 165 செ.மீ., நிறை 54 கிலோ, உடற்பரப்பு 1.57 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 75 மி.கி. வீதம் ஒரு நாளைக்கு 118 மி.கி. ஒரு குப்பியில் 100 மி.கி.; 4 மில்லிலீற்றர் ஊசித்தண்ணீர் விட்டுக் குலுக்கினால் மில்லிலீற்றருக்கு 25 மி.கி. கொண்ட, கஞ்சித் தெளிவு போன்ற வெண்மையான கலங்கல் கிடைக்கும். தெளியும்வரை காத்திருக்கக் கூடாது. அது தெளியாது, வடிகட்டவும் கூடாது. வேண்டியது 4.7 மில்லிலீற்றர். 4 மில்லிலீற்றருக்கு மேற்பட்டால் ஒரே இடத்தில் போடுவதில்லை. 2.35 மில்லிலீற்றர் வீதம் இரண்டு சிரிஞ்சில், இரண்டு இடத்தில், வயிறு, தொடை, மேற்கை என்று மாற்றி மாற்றி. புதிய குத்து பழைய இடத்துக்கு 2.5 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். போடுமுன் சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்ட வேண்டும். உருட்டாமல் போட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் பாதி வெறும் தண்ணீராகவும் கடைசிப் பாதி கட்டியாகவும் போகும்.

கலக்கிய மருந்து அறை வெப்பத்தில் 45 நிமிடத்துக்குள் போடப்பட வேண்டும். வன்னியின் பங்குனி, சித்திரை வெயிலில் இந்தக் கணக்கோடு விளையாடக் கூடாது. சாதாரண ஊசித்தண்ணீரில் கலந்து உடனே 2 முதல் 8 பாகையில் வைத்தால் 8 மணி நேரம் நிற்கும். முன்னரே குளிரூட்டிய தண்ணீரில் கலந்து உடனே குளிரில் வைத்தால் 22 மணி நேரம். இந்தக் கடைசி வசதிதான் தூரத்து நோயாளிக்கு வாழ்வு. சிகிச்சை நிலையத்தில் வெள்ளி பின்னேரம் கலந்தது சனி காலை போடலாம். குளிர்ப்பெட்டியில் கொண்டுபோனால் சிரிஞ்ச் பனிக்கட்டியை நேரே தொடாமல் துணி சுற்றியிருக்க வேண்டும், உறைந்தால் வீண். வெளியே எடுத்து அரை மணிக்குள், அறைச் சூட்டுக்கு வந்ததும் போட வேண்டும். கலப்பது வீட்டிலோ வார்ட்டு மேசையிலோ செய்யும் வேலை அல்ல. அது கலத்தைத் தாக்கும் மருந்து. அதற்கான பாதுகாப்புக் கூண்டும் கையுறையும் வேண்டும்.

ஒவ்வொரு ஊசிக்கும் அரை மணி முன் ஒண்டன்செட்ரோன் 8 மி.கி. அது வாந்தியை நிறுத்தும், மலத்தையும் இறுக்கும். சிறுதட்டுக் குறைந்தவர் முக்கினால் இரத்தம் போகும். ஆகவே முதல் நாளிலிருந்தே மலத்தை இளக்கும் லாக்டுலோஸ்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் கிரியாட்டினின், யூரியா, பைகார்பனேற் பார்க்க வேண்டும். பைகார்பனேற் 20க்குக் கீழ் இறங்கினால் அடுத்த சுற்றில் அளவைப் பாதியாக்குவது விதி. சிறுநீரக நோய் மலிந்த பகுதியில் இதை ஒரு சடங்காகக் கருதிவிடக் கூடாது.

சுற்றுகள்

முதற் சுற்று புரட்டாசியில். 18ஆம் நாள் நியூட்ரோபில் 400, சிறுதட்டு 21,000. இரண்டு பை செங்குருதி. அடுத்த கிளினிக்கில் மனைவி கேட்டது: "ஊசி போடப் போட இவர் இன்னும் விழுந்துபோறார். நிப்பாட்டுவமோ டொக்டர்?" கேள்வி முழுக்க நியாயமானது. அதற்கு எண்களைக் காட்டிப் பதில் சொன்னால் போதாது. "நல்ல நெல்லும் களையும் ஒண்டாய் நிக்குது அம்மா. இப்ப இரண்டும் வாடுது. நல்லது திரும்ப முளைக்க நாலு மாசம் வேணும். ஆறு சுற்று முடியாமல் சரியெண்டும் சொல்லேலாது, பிழையெண்டும் சொல்லேலாது." இந்த உடன்பாட்டை முதல் ஊசிக்கு முன்பே, வீட்டார் எல்லாரும் இருக்கும்போது செய்திருந்தால் இந்தப் பயம் பாதியாகியிருக்கும். பதில் தருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆறாம் சுற்றுக்குள் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் சுற்றோடு நிறுத்தினால் அவர்களில் பலரை இழந்துவிடுவோம்.

தொடக்கத்திலேயே எண்ணிக்கை குறைந்திருந்தவருக்கு முதல் சுற்றுகளின் இறக்கத்தைப் பார்த்து மருந்தளவைக் குறைப்பதும் இதே பிழையின் இன்னொரு முகம். இறக்கத்துக்குக் காரணம் நோயாகவும் இருக்கலாம்.

இரண்டாம் சுற்று முடிந்து பத்தாம் நாள், காலபோக விதைப்பு நேரம். சொல்லைக் கேட்காமல் சேற்றில் இறங்கினார். மறுநாள் இரவு 38.9 பாகைக் காய்ச்சல், நியூட்ரோபில் 300. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கமக்காரருக்கு நியூட்ரோபில் குறைந்து காய்ச்சல் வந்தால் மெலியோயிடோசிஸ் என்ற மண்கிருமித் தொற்றை நினைத்தே ஆக வேண்டும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் அந்தக் கிருமிக்கு ஜென்டமைசின் ஏறாது. செஃப்ட்ரியாக்சோனை நம்ப முடியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும். குருதி வளர்ப்புக்கு எடுத்து, "நெல்வயல், மெலியோயிடோசிஸ் சந்தேகம்" என்று ஆய்வுகூடப் படிவத்தில் எழுதி, ஒரு மணிக்குள் செஃப்டாசிடிம் 2 கிராம், பிறகு எட்டு மணிக்கொரு தரம் கொடுக்கப்பட்டது. எழுதாவிட்டால் அந்தக் கிருமி வேறு சாதாரணக் கிருமியாக ஒதுக்கப்படலாம். டெங்குப் பரிசோதனையும் செய்யப்பட்டது. சிறுதட்டுக் குறைந்த காய்ச்சலுக்கு அந்தப் பருவத்தில் அது விடக்கூடாதது. வளர்ப்பில் ஒன்றும் வரவில்லை. காய்ச்சல் நான்காம் நாள் தணிந்தது.

இதன் பின் வீட்டுக்குச் சொன்னவை: எண்ணிக்கை இறங்கும் கிழமைகளில் பழஞ்சோறு வேண்டாம், அன்று ஆக்கிய சூடான சோறு. வெற்றிலை பாக்கு நிறுத்தம்; பாக்குத் துண்டு கிழிக்கும் வாய்த்தோல்தான் கிருமி நுழையும் வாசல். இரும்புக் குளிசையைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பைக் குருதியிலும் 200 முதல் 250 மி.கி. இரும்பு இருக்கிறது, உடலுக்கு அதை வெளியேற்ற வழி இல்லை. 38 பாகைக் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரி, பரசிட்டமோல் போட்டு மறைக்காமல்.

மூன்றாம் சுற்று கார்த்திகையில். நான்கு ஊசி போட்டபின் மழை. குளம் வான் பாய்ந்து உள்வீதி மூடியது. இரண்டு நாள் தவறியது. அந்த இரண்டையும் கைவிடாமல், வீதி திறந்ததும் மீதி மூன்று ஊசிகள் தொடர்ந்து போடப்பட்டன. வார இறுதியில் ஊசி போட ஆளில்லாத இடங்களில் ஐந்து நாள் போட்டு, இரண்டு நாள் விட்டு, மறுபடி இரண்டு நாள் போடும் முறை வழக்கத்தில் இருக்கிறது. ஏழு ஊசியும் அந்தச் சுற்றுக்குள் சேர்வதுதான் முக்கியம்.

நான்காம் சுற்றுக்குப் பின் சிறுதட்டு முதலில் எழுந்தது: 74,000, பிறகு 1,10,000. நல்ல அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஐந்தாம் சுற்றின்போது கடைசிப் பை இரத்தம்.

ஆறாம் சுற்றுக்குப் பின்

ஹீமோகுளோபின் 10.6, நியூட்ரோபில் 1,700, சிறுதட்டு 1,42,000. மச்சையில் பிளாஸ்ட் 3 சதவீதம். காலபோக அறுவடைக்கு வரம்பில் நின்று ஆட்களை ஏவும் அளவுக்குத் தெம்பு வந்தது.

அதே மாதிரியில் டெட்2 விகாரம் 39 சதவீதம்.

முன்பு 44 இருந்தது 39. பிளாஸ்ட் நான்கில் ஒன்றாகச் சுருங்கியும் வம்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அவருடைய உடலில் ஓடிக்கொண்டிருந்த புதிய செங்கலங்களும் நியூட்ரோபில்களும் பெரும்பாலும் அந்த நோய்வம்சத்திலிருந்தே வந்தவை. இப்போது முதிர்ந்து வேலை செய்கின்றன. மருந்து களையைப் பிடுங்கவில்லை, கதிர்விட வைத்திருக்கிறது. இதனாலேயே "நல்லாகிட்டார், இனி ஊசி எதற்கு?" என்று நிறுத்துவது இரண்டாவது பெரிய பிழை. உறங்கும் விகாரக் குருத்துக்கலங்கள் உள்ளேயே இருக்கின்றன. மருந்து நின்றால் மெதைல் மறுபடி ஏறும். பயன் தரும்வரை, 28 நாளுக்கு ஒரு தரம், தொடர்ந்து.

2009இல் வெளியான 358 நோயாளிகளின் ஆய்வில் அசாசிட்டிடின் பெற்றவர்கள் இடைநிலையாக 24.5 மாதமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 15.0 மாதமும் வாழ்ந்தார்கள். முழுத் தணிவு கண்டவர்கள் ஆறு பேரில் ஒருவரளவே. ஆயுள் கூடுவதற்கு முழுத் தணிவு கட்டாயம் இல்லை என்பது அந்த ஆய்வு தந்த பெரிய ஆறுதல்.

முழுமையாகக் குணமாக்கக் கூடியது வேறொருவரின் குருத்துக்கல மாற்றீடு மட்டுமே. இவருடைய பொருந்தக்கூடிய சகோதரர்கள் இருவரும் அறுபதைத் தாண்டிய நோயாளர். மாதக்கணக்கில் வீட்டை விட்டிருக்கவும் இவர் விரும்பவில்லை.

மகன் கேட்ட மற்றொரு கேள்வி வன்னியில் எல்லாரும் கேட்பது. வயலுக்கு அடித்த மருந்தா, போர்க்காலத்தின் புகையா? பென்சீன், முன்னர் பெற்ற சில புற்றுநோய் மருந்துகள், கதிர்ச் சிகிச்சை ஆகியவை இந்த நோயை உண்டாக்கும் என்பது உறுதி. புகைத்தலும் ஆபத்தைக் கூட்டும். ஆனால் குறிப்பிட்ட ஒருவரின் டெட்2 விகாரத்தைப் பார்த்து அதற்குக் காரணம் இதுதான் என்று சுட்ட வழியில்லை. டெட்2 விகாரங்களுக்குப் பெரிய காரணம் வயது. அப்பாவின் நோய்க்குத் தாங்கள் தெளித்த போத்தலே காரணம் என்ற பாரத்தை, ஆதாரம் இல்லாமல், பிள்ளைகளின் தலையில் ஏற்றக் கூடாது.

பதினான்காம் சுற்றுக்குப் பின் சிறுதட்டு மறுபடி 40,000க்கு இறங்கியது. மச்சையில் பிளாஸ்ட் 16 சதவீதம், புதிதாக எட்டாம் குரோமோசோமின் மேலதிகப் பிரதி. துருசைத் திறந்தாலும் முதிராத ஒரு கிளை அந்த வம்சத்திலிருந்து பிரிந்துவிட்டது. அசாசிட்டிடின் பயனற்றுப்போன பின் இடைநிலை ஆயுள் அரை ஆண்டுக்கும் குறைவு என்பது அவருக்கும் மனைவிக்கும் சொல்லப்பட்டது. ஊசி நிறுத்தப்பட்டது. "அப்ப இனி அந்தத் தூரம் போக வேண்டாம்" என்றார்.

ஏற்பாடு: செவ்வாய்தோறும் வீட்டுக்கு அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் குருதி எண்ணிக்கை. ஹீமோகுளோபின் எண் என்னவாக இருந்தாலும் மூச்சு வாங்கினால் ஒரு பை. சிறுதட்டு 10,000க்குக் கீழ் அல்லது இரத்தக் கசிவு இருந்தால் சிறுதட்டு. முரசுக் கசிவுக்கு டிரனெக்சாமிக் அமிலக் கொப்பளிப்பு. வெற்றிலை அவருக்கு வேண்டுமென்றால் பாக்கை நன்றாக இடித்து, சுண்ணாம்பைக் குறைத்து.